பிடுங்காமல் விட்ட ஒரு கலவன்: கிச்சிலி சம்பா முதல் ஐ.ஆர்.20 வரை

போன பொங்கலுக்கு உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்க ஊருக்குப் போனபோது, சென்னையில் ஒரு கடையில் இரண்டு கிலோ கிச்சிலி சம்பா அரிசி வாங்கிக்கிட்டுப் போனேன். "தாத்தா, இதுதான் நம்ம பாரம்பரிய அரிசி. நீங்க காலம் பூரா போட்ட ஐ.ஆர்.20 எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு"ன்னு கொஞ்சம் மேதாவித்தனமா பேசிட்டேன். அவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "அரிசி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐ.ஆர்.20 சோறு தின்னுதான்டா நீ வளர்ந்தே"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

நான் சொன்னது சரிதான்னு நிரூபிக்கத்தான் தேட ஆரம்பிச்சேன். கடைசியில் தப்பு என் பக்கம் இருந்தது. அந்தக் கதைதான் இந்த எபிசோடு.

முதலில் நெல் எப்படி இனப்பெருக்கம் செய்கிறது என்று பார்த்துடலாம். கதிரில் இருக்கும் ஒவ்வொரு நெல்மணியும் முதலில் ஒரு பூ. அதற்குள் ஆறு மகரந்தப்பைகள், நடுவில் இறகு மாதிரி பிரிந்த சூல்முடி. காலை வெயில் ஏறும் நேரத்தில் உமி இரண்டும் விரியும். ஏறக்குறைய அதே நேரத்தில் மகரந்தப்பை வெடித்து, அதே பூவின் சூல்முடியிலேயே மகரந்தம் விழுந்துவிடும். சுமார் ஒரு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். பக்கத்துச் செடியின் மகரந்தம் உள்ளே வருவது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழேதான். அதாவது நெல் தன்னைத் தானே நகல் எடுத்துக்கொள்ளும் பயிர். அதனால்தான் நம்ம தாத்தா பாட்டி சொந்த வயல் விதையையே வருஷா வருஷம் எடுத்து வைக்க முடிந்தது.

ஆனாலும் வயலில் சில செடிகள் மாறி நிற்கும். ஒன்று உயரமா இருக்கும், இன்னொன்று முன்னாடியே பூக்கும். எங்க பக்கத்தில் அதுக்குப் பேர் கலவன். விதைக்குன்னு ஒதுக்கிய வயலில் இறங்கி, கலவனைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்குவாங்க. விதை சுத்தமா இருக்கணும் இல்லையா?

இப்போ கோயம்புத்தூருக்குப் போவோம். 1912-இல் அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. சென்னை மாகாண அரசின் பொருளாதாரத் தாவரவியலாளராக இருந்த பார்னெல் அங்கே நெல் ஆராய்ச்சியை நடத்தினார். அவர்களுடைய ஆரம்ப கால வேலை தனிவழித் தேர்வு: ஊர் ஊராக நெல் சேகரித்து, ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனி வரிசையாக நட்டு, நல்லதைப் பிரித்தெடுப்பது. அப்படி வளர்த்துப் பார்க்கும்போது, கோனாமணி என்ற ரகத்தில் ஒரு மாறுபட்ட செடி தெரிந்தது. இயற்கையாக நடந்த சடுதி மாற்றம். நம்ம மொழியில் சொன்னால், ஒரு கலவன். அதைப் பிடுங்கிப் போடாமல் விதை எடுத்தார்கள். மெல்லிய, தரமான அரிசி. 1921-இல் அது ஜி.இ.பி.24 என்று வெளிவந்தது. அந்த மூன்று எழுத்தும் அந்தத் தாவரவியலாளரின் பதவிப் பெயரின் ஆங்கிலச் சுருக்கம்தான். அந்தப் பெயரை வாயில் வைத்துச் சொல்ல முடியுமா? உழவர்கள் சொன்ன பெயர் கிச்சிலி சம்பா.

ஆமாம், நான் "பாரம்பரியம்"னு பெருமையா தூக்கிட்டுப் போன அதே பெயர்.

அடுத்த கட்டம் செயற்கைக் கலப்பு. பூ விரிவதற்கு முன்பே உமியின் நுனியை வெட்டி, இடுக்கியால் ஆறு மகரந்தப்பைகளையும் எடுத்துவிடணும். ஒன்று தவறினாலும் அது தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும். பிறகு கதிருக்கு ஒரு காகித உறை மாட்டி, வேண்டிய ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து அதன் மேல் உதறணும். இப்படி கிச்சிலி சம்பாவையும் கோ 18 என்ற ரகத்தையும் சேர்த்து உருவாக்கியதுதான் டி.கே.எம்.6. டி.கே.எம். என்பது திருவள்ளூர் பக்கத்துத் திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கிறது. அன்றைக்குத் திரூர்க்குப்பம், உத்திரமேரூர் எல்லாம் ஒரே செங்கல்பட்டு மாவட்டம்.

கலப்பு செய்ததும் புது ரகம் கிடைத்துவிடாது. உத்திரமேரூர்க்காரன் குடவோலையைச் சொல்லாமல் இதை எப்படி விளக்குவேன்? 919, 921-ஆம் ஆண்டுப் பராந்தக சோழன் கல்வெட்டுகள்படி, முதலில் தகுதி பார்த்தார்கள். தகுதி உள்ளவர் பெயரைத்தான் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். நெல்லில் இது தலைகீழ். முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அவற்றின் விதையை நட்டால், இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொரு செடியும் பெற்றோரின் குணங்களைக் குடத்தில் கைவிட்டு எடுத்த மாதிரி வேறு வேறாக நிற்கும். தகுதி பார்ப்பது அதற்குப் பிறகுதான். ஐந்தாறு தலைமுறை தேர்ந்தெடுத்த பிறகே குணம் நிலைக்கும்.

1966-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர்.8-ஐ வெளியிட்டது. குட்டைச் செடி, சாயாது, உரம் போட்டால் அள்ளிக் கொடுக்கும். ஆனால் அரிசி மொத்தம், நோயும் பூச்சியும் எளிதில் தாக்கும். அதைச் சரிசெய்ய ஒரு பெற்றோர் தேவைப்பட்டது. தண்டு துளைப்பானையும் பாக்டீரியா இலைக்கருகலையும் ஓரளவு தாங்கக்கூடிய, சன்ன அரிசி தரும் நெல். அவர்கள் எடுத்தது டி.கே.எம்.6. அதை ஒரு குட்டை நெல்லோடு கலந்ததில் 1969-இல் வந்தது ஐ.ஆர்.20. நம்ம ஊரில் சம்பா பட்டத்துக்கு வருஷக்கணக்கில் நின்ற நெல்.

அதாவது உறவுமுறையில் சொன்னால், ஐ.ஆர்.20 கிச்சிலி சம்பாவின் பேரன். தாத்தா வயலில் இருந்தது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. பாதி நம்ம வீட்டுப் பிள்ளை, வெளியூர் போய்த் திரும்பி வந்தது.

குடும்பம் அதோடு நிற்கவில்லை. 1976-இல் வந்த ஐ.ஆர்.36, எண்பதுகளில் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி ஹெக்டேரில் பயிரானது. அதன் வம்சாவளியிலும் டி.கே.எம்.6 இருக்கிறது. ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986-இல் வெளியான பி.பி.டி.5204-இன் வம்சத்திலும் ஜி.இ.பி.24 உண்டு. கடையில் "ஆந்திரா பொன்னி"ன்னு கேட்டு வாங்குறோமே, அதேதான்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். புது ரகம் வந்ததும் வயல்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆயின. பழைய நெல் பல காணாமல் போனது உண்மை. ஆனால் அந்த இழப்பு ஆராய்ச்சிக்கும்தான். டி.கே.எம்.6-ஐ யாரும் பாதுகாத்து வைக்காமல் இருந்திருந்தால் ஐ.ஆர்.20-க்குப் பெற்றோர் இல்லை. நாளைக்கு வரும் பூச்சிக்கான பதில் இன்றைக்கு யாரோ பிடுங்கும் கலவனிலோ, பானையில் கிடக்கும் பழைய விதையிலோ இருக்கலாம். இன்னொன்று: ஐ.ஆர்.20 தன் மகரந்தத்தில் நிலைத்த ரகம், தாத்தா விதை எடுத்து வைத்தார். வீரிய ஒட்டு நெல்லில் அது நடக்காது; சேமித்து விதைத்தால் குணம் பிரிந்துவிடும், ஒவ்வொரு பட்டத்துக்கும் விதை வாங்கணும். "பாரம்பரியமா நவீனமா"ன்னு சண்டை போடுவதை விட, "இந்த விதையை நானே எடுத்து வைக்க முடியுமா"ன்னு கேட்பது பயனுள்ள கேள்வி.

இதையெல்லாம் தாத்தாகிட்ட போனில் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்போ கலவனைப் பிடுங்க வேணாம்றியா?"ன்னார்.

"பிடுங்குங்க தாத்தா. ஆனா பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா பாத்துடுங்க"ன்னேன்.

"அதெல்லாம் பாத்துட்டுத்தான்டா பிடுங்குவோம்"னு சொல்லி வெச்சுட்டார்.

உங்க ஊர் நெல்லுக்கும் இப்படி ஒரு குடும்பக் கதை இருக்கும். வீட்டில் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.