ஜெருசலேம் ஆர்டிசோக்: நடுவது ஈஸி, தோட்டத்தை விட்டு விரட்டுவதுதான் கஷ்டம்!

பேரில் ஜெருசலேம் இருக்கு. ஆனால் அந்த ஊருக்கும் இந்தக் கிழங்குக்கும் சம்பந்தமே இல்லை. ஆர்டிசோக் என்ற காய்கறியும் இது கிடையாது. வட அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சூரியகாந்தி வகை. மேலே மஞ்சள் பூ, மண்ணுக்குள் இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமாகக் கிழங்கு. கடைகளில் 'சன்சோக்' என்றும் விற்பார்கள்.

அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் பயிரிட்டு வந்த இதை 1605-ல் கேப் காட் பகுதியில் பார்த்தவர் பிரெஞ்சுப் பயணி சாமுவேல் டி சாம்ப்ளேன். ருசி ஆர்டிசோக் போல இருந்ததாக அவர் எழுதினார். சூரியகாந்திக்கான இத்தாலியச் சொல் 'ஜிராசோலே'. அதுதான் ஆங்கிலேயர் வாயில் 'ஜெருசலேம்' ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

எப்படி நடுவது?

லண்டன், டொராண்டோ மாதிரி குளிர் ஊர்களில் கொல்லைப்புறம் வைத்திருப்பவர்களுக்கு ஏற்ற செடி இது. பனி விலகியதும், மார்ச் முதல் மே வரை நடலாம். விதை தேடவே வேண்டாம், காய்கறிக் கடையில் வாங்கிய கிழங்கே போதும். பெரிய கிழங்கு என்றால், ஒவ்வொரு துண்டிலும் ஓரிரண்டு முளைக்கண் இருக்கும்படி வெட்டிக்கோங்க. 10 முதல் 15 செ.மீ. ஆழம், 30 செ.மீ. இடைவெளி.

இடத்தை மட்டும் யோசிச்சு முடிவு பண்ணுங்க. செடி 2 முதல் 3 மீட்டர் வரை வளரும், பக்கத்துப் பாத்தியில் வெயிலே விழாது. அதனால் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் வைப்பது நல்லது. 30 செ.மீ. உயரம் வந்ததும் அடியில் மண் அணைக்கணும். காற்று அடிக்கும் இடம் என்றால், கோடை நடுவில் நுனியை வெட்டிவிடலாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

எப்போது தோண்டுவது?

இலை மஞ்சளானதும் தண்டை அடியோடு ஒட்டி வெட்டிடுங்க. குளிர்காலம் முழுக்கத் தேவைக்கு மட்டும் தோண்டினால் போதும். தோல் மெல்லிசு, வெளியே எடுத்து வைத்தால் சீக்கிரம் சுருங்கிடும். மண்ணுதான் இதுக்கு ஃபிரிட்ஜ். உறைபனி பட்ட பிறகு இனிப்பும் கூடும். தரை இறுகி உறையும் ஊரில், மேலே வைக்கோலை மூடாக்காகப் போட்டு வைக்கணும்.

பிரச்சினை இங்கேதான்

விரல் நுனி அளவு துண்டு மண்ணில் தங்கினாலும் அடுத்த வருஷம் முளைத்துவிடும். 'ஒரு வருஷம் வச்சுப் பார்ப்போம்' என்பதெல்லாம் இந்தச் செடியிடம் நடக்காது. சந்தேகம் இருந்தால் பெரிய தொட்டியில் வைங்க. ஏற்கெனவே பரவிவிட்டதா? கோடை தொடக்கத்தில், பழைய கிழங்கின் சத்து தீர்ந்து புதுசு உருவாகும் முன், செடியை வெட்டித் தோண்டி எடுங்க. மறுபடி துளிர்த்தால் மறுபடி வெட்டணும்.

வயிறு என்ன சொல்லும்?

உருளைக்கிழங்கில் இருக்கும் மாவுச்சத்துக்குப் பதிலாக இதில் இருப்பது இன்யூலின் என்ற நார்ச்சத்து. சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்க வைப்பதால் வாயுத் தொல்லை வரும், சிலருக்கு வலியே வரும். முதல் தடவை இரண்டு, மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம். எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. எலுமிச்சைச் சாறு விட்டு நன்றாக வேகவைத்தால் இன்யூலின் ஓரளவு உடைந்து, தொந்தரவு குறையும். மாவுச்சத்து இல்லை என்பதற்காக இதைச் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால் நம்பாதீங்க.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை பிரான்ஸின் உருளைக்கிழங்கைப் பறித்துக்கொண்டபோது, மக்கள் பசியாறியது இந்தக் கிழங்கில்தான். அந்தத் தலைமுறையில் பலர் பிறகு இதைத் தொடவே இல்லை. இன்று அதே நாட்டின் உணவகங்களில் இதன் சூப் மெனுவில் இருக்கிறது. வீட்டில் செய்வதென்றால் தோல் சீவ மெனக்கெட வேண்டாம். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, எண்ணெய், உப்பு சேர்த்து அவனில் வறுத்தாலே போதும்.