நஞ்சு விழுந்துச்சா?

நாட்றம்பள்ளிப் பக்கம் வீட்டிலேயே பிள்ளை பெற்ற காலத்தில், குழந்தையின் அழுகை கேட்டதும் வாசலில் நிற்கும் கிழவிகள் அடுத்துக் கேட்பது இதுதான்: "நஞ்சு விழுந்துச்சா?" நஞ்சுக்கொடி முழுசாக வெளியே வந்த பிறகே மூச்சு விடுவார்கள்.

மருத்துவப் புத்தகங்களிலும் நஞ்சு இருந்தது. கர்ப்பிணிக்குக் கால் வீங்கி, ரத்தக் கொதிப்பு ஏறி, சிறுநீரில் 'உப்பு' இறங்கி (அது உப்பல்ல, ஆல்புமின் என்ற புரதம்), வலிப்பு வரும் நோயை டாக்டர்கள் வெகுகாலம் 'டாக்ஸீமியா' என்றார்கள். ரத்தத்தில் நஞ்சு என்று பொருள். எந்த நஞ்சு என்பதுதான் பிடிபடவில்லை.

நஞ்சு எது என்று தெரியாமலே வைத்தியம் நடந்தது. சென்னையில் டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன் குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து வலிப்பை அடக்கினார். 1961இல் அவர் கட்டுரை வந்தது. இந்தியப் பிரசவ அறைகளில் அந்த முறை நெடுநாள் நின்றது. பிறகு 1995இல் ஒரு பன்னாட்டு ஆய்வு, வலிப்பு திரும்ப வராமல் தடுப்பதில் டயசிபாமையும் ஃபெனிட்டாயினையும்விட மக்னீசியம் சல்பேட்டே மேல் என்று காட்டியது. நாட்டுக் கடையில் விற்கும் பேதி உப்பும் அதே பொருள்தான். ஊசிக்கு வருவது அதன் சுத்தமான வடிவம்.

நஞ்சு பிடிபட்டது 2003இல், பாஸ்டனில். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆனந்த் கருமாஞ்சியின் குழு, நோயுற்றவர்களின் நஞ்சுக்கொடி 'எஸ்எஃப்எல்டி-1' என்ற புரதத்தை அளவுக்கு மீறிக் கொட்டுவதைக் கண்டது. ரத்தக் குழாய்களைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை அது மடக்கிவிடுகிறது. குழாய்கள் இறுகுகின்றன, சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடுகிறது. கர்ப்பமான எலிக்குள் அந்தப் புரதத்தைச் செலுத்தியபோது அதற்கும் கொதிப்பு ஏறியது. கிழவிகள் சொன்ன நஞ்சும் டாக்டர்கள் தேடிய நஞ்சும் ஒரே இடத்தில் இருந்தன!

ஹார்மோன்களும் இதில் உண்டு. ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது நஞ்சுக்கொடியின் வேலைகளில் ஒன்று. இந்த நோயுள்ள தாய்மாரின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. ஈஸ்ட்ரோஜன் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் அவர்களிடம் குறைந்திருப்பதை 2008இல் வேறொரு பாஸ்டன் குழு காட்டியது.

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்குப் போகும் கர்ப்பிணி, கால் வீங்கினால் நின்று வேலை பார்த்ததால் என்றே நினைப்பாள். அதனால்தான் கிராமச் செவிலியர் கையில் பட்டையைக் கட்டிக் கொதிப்பு பார்க்கிறார், சிறுநீரில் உப்பு பார்க்கிறார். நஞ்சு விழுந்த பிறகும் சிலருக்கு வலிப்பு வரும். முதல் இரண்டு நாள் ஆபத்து அதிகம். அதனால் பிள்ளை பெற்றவளுக்கும் அந்தப் பட்டையைக் கட்டுகிறார்கள்.