தொல்காப்பியப் பூங்கா

தொல்காப்பியப் பூங்கா, சென்னையில் அடையாற்றின் கழிமுகத்துக்கு வடக்கே, சாந்தோமுக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் அருகில், மீட்டெடுக்கப்பட்ட ஓர் உப்பங்கழி. பரப்பு 58 ஏக்கர். முதலில் ‘அடையாறு பூங்கா’ என்று அழைக்கப்பட்டது. 2011 ஜனவரியில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்துவைத்தார், அவர் 2003இல் எழுதிய நூலின் பெயரும் தொல்காப்பியப் பூங்காவே. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. பூங்கா என்ற சொல் இதன் இயல்பை முழுதாகச் சொல்லாது. மரங்களை விட இங்கே முதன்மையானது ஏறி இறங்கும் நீர்.

நீர்வழி

அடையாறு ஏறத்தாழ 42 கி.மீ. நீளமுள்ள ஆறு. செம்பரம்பாக்கம் உள்ளிட்ட ஏரிகளின் உபரிநீரை வாங்கிக்கொண்டு நகருக்குள் நுழைந்து, திரு.வி.க. பாலத்தைத் தாண்டியதும் அகன்று கடலைச் சேர்கிறது. அந்தக் கழிமுகத்திலிருந்து பிரியும் ஒரு கிளை செட்டிநாடு அரண்மனைப் பக்கம் தொடங்கி, பட்டினப்பாக்கத்தைக் கிழக்கே விட்டு வடக்கு நோக்கிச் சென்று, குயிபிள் தீவைச் சுற்றி வளைந்து மீண்டும் தன்னோடு சேர்கிறது. அடையாறு கழி என்பது இந்தக் கிளைதான். ஆற்றுநீரும் கடல்நீரும் கலப்பதால் இதன் உப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். வடகிழக்குப் பருவமழையில் தணியும், கோடையில் ஏறும்.

கழியின் உயிர் முகத்துவாரத்தில் இருக்கிறது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. ஆற்றில் நீர் குறையும் மாதங்களில் அந்த மணல் வாயில் திட்டாகப் படிந்து அதை ஒடுக்குகிறது. வாய் ஒடுங்கினால் ஓதம் உள்ளே வராது. ஓதம் வராவிட்டால் கழி, தேங்கிய சாக்கடை. மணலை வெட்டி வாயைத் திறந்துவைப்பது ஓயாத வேலையாகவே இருந்துவருகிறது.

வரலாறு

இக்கரை உலகப் போர்முறை வரலாற்றில் இடம்பெற்றது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்ததும், ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் தன் மகன் மாபூஸ்கானைப் பெரும்படையோடு அனுப்பினார். ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட அந்தப் படை ஆற்றின் வடகரையில், குயிபிள் தீவையொட்டி நின்றது. புதுச்சேரியிலிருந்து வந்த பாரடி என்ற பொறியாளரின் கீழ் பிரெஞ்சுக்காரரும் உள்நாட்டுச் சிப்பாய்களுமாக இருந்தவர்கள் 1,000 பேர் அளவில். அவர்கள் ஆற்றில் இறங்கி நடந்தே அக்கரை ஏறி, அணிவகுத்துச் சுட்டு நவாபின் படையைச் சிதறடித்தார்கள். பயிற்சி பெற்ற சிறு காலாட்படை பெரிய குதிரைப்படையை வெல்லும் என்று ஐரோப்பியர் கண்டுகொண்ட இடம் இது. அன்று ஆறு இறங்கிக் கடக்கும் ஆழத்தில் இருந்தது என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

1876-78 பஞ்சத்தின்போது கூலிக்கு வந்த மக்களைக்கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கி.மீ. கால்வாய் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. பசியில் மெலிந்தவர்கள் தோண்டிய வழி அது. படகுகள் போன அந்த வழியே பின்னர் நகரின் கழிவுநீரைச் சுமந்தது. தென்கரையில் 1882இல் பிரம்மஞான சபை வாங்கிய தோட்டம் அன்றிலிருந்து வெட்டுப்படாமல் நிற்பதால்தான் கழிமுகத்துப் பறவைகளுக்கு ஒரு பக்கமாவது நிழல் எஞ்சியது. 1967இல் கட்டிய முகத்துவாரப் பாலம் பத்து ஆண்டுகளில் வெள்ளத்தில் உடைந்தது. உடைந்த பாலம் என்றே இன்றும் அதற்குப் பெயர்.

வடகரையின் கதை வேறு. கழியோரம் வீட்டுவசதிக் குடியிருப்புகளும் மாளிகைகளும் எழுந்தன. இடித்த வீடுகளின் கல்லும் காரையும் லாரி லாரியாக நீரில் கொட்டப்பட்டன. 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்த பிறகும் கழியை மேடாக்குவது நிற்கவில்லை. அம்பேத்கர் மணிமண்டபம் கழியை ஒட்டி அமைவதை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மண்டபம் தவறல்ல, தேர்ந்த இடம் தவறு.

மீட்பு

கழியை மீட்க 2006இல் அரசு ஓர் அறக்கட்டளை அமைத்தது. திட்டத்தை வகுத்தவர்கள் ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் குழுவினர். அவர்கள் செய்த முதல் வேலை நடுவது அல்ல, அகற்றுவது. இடிபாடும் குப்பையும் அள்ளப்பட்டன. தூர்ந்த பள்ளங்கள் ஆழமாயின. நீர் தன் இடத்துக்குத் திரும்பியது. பிறகே நாற்றுகள். சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைக்காட்டு மரங்கள், ஓத நீரில் வேர்விடும் வெண்கண்டல், தில்லை. இன்று சிதம்பரத்தின் பழம்பெயராக மட்டுமே பலர் அறிந்த தில்லை, உப்பங்கழியின் மரம்.

தொல்காப்பியம் நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் எனப் பகுக்கிறது. அவ்வகையில் இது நெய்தல். எனினும் ஏரிநீர் வந்து சேர்வதால் மருதத்தின் சாயலும் உண்டு. ஆழமான நீரில் முக்குளிப்பானும், கரையில் தாழைக்கோழியும், சேற்றில் உள்ளானும் கொக்கும், மணல்திட்டில் உப்புக்கொத்தியும் என்று ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு பறவை வந்துவிட்டது. குளிர்கால வலசைப் பறவைகள் தேடுவது சேற்றைத்தான். அழகுக்காகச் சேற்றை மூடியிருந்தால் அவை வந்திருக்கமாட்டா.

திறந்த புதிதில் வழிகாட்டியோடு மட்டுமே பொதுமக்கள் நடக்க முடிந்தது. பள்ளி மாணவருக்கே முன்னுரிமை. பூட்டிய பூங்கா என்று குறை எழுந்தது. வேர்பிடிக்கும் காட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையாகவே இருந்தது. இரண்டாம் கட்டத்தில் ஏறத்தாழ 300 ஏக்கர் கழிமுகப் பகுதி சேர்க்கப்பட்டுத் திட்டுகளும் கண்டல்களும் உருவாயின. 2025இல் நடைபாதையும் இணைப்புப் பாலமும் அமைத்துப் பூங்கா புதுப்பிக்கப்பட்டது. மேலாற்றிலிருந்து வரும் கழிவுநீர் இன்னும் நிற்கவில்லை.