பற்சில்லும் பாடபேதமும்: பழைய யப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் அரிய கியர்ப்பெட்டிகளை இனங்காணல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழாய்வில் உழைப்புக் கருவிகளின் வரலாறு ஏறத்தாழ எழுதப்படாத ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. ஏர் பற்றியும் தோணி பற்றியும் சில கட்டுரைகள் உள்ளன. அவையும் பெரும்பாலும் நாட்டாரியல் என்ற பெயரால், மறைந்துபோன ஓர் உலகத்தின் நினைவுச் சின்னங்களாகவே அவற்றை நோக்குகின்றன. எந்திரம் பற்றிய எழுத்து நம்மிடையே விளம்பரமாக வருகிறது, இல்லையேல் பாடநூலாக வருகிறது. எந்திரத்தைச் செய்த கைக்கும் அதைப் பழுது பார்த்த கைக்கும் இடையிலான உறவு வரலாற்றுப் பொருளாகக் கொள்ளப்படவில்லை. இக்குறையை நிறைவு செய்யும் பெருநோக்கு எமக்கில்லை. ஒரு சிறு பொருளை, அதாவது 1960களிலும் 1970களிலும் யப்பானில் உருவான ஸ்போர்ட்ஸ் கார்களின் அரிய கைமுறைக் கியர்ப்பெட்டிகளை இனங்காணும் முறையை எடுத்துக்கொண்டு, அதனூடாகச் சில வினாக்களை எழுப்புவதே ஈண்டு நோக்கமாகும்.

இலக்கியம் பயின்றோர் இதில் தலையிடுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போன் செய்வதற்கும் ஒரு பழைய கியர்ப்பெட்டியின் வரன்முறையைத் தேடுவோன் செய்வதற்கும் முறையியலில் வேறுபாடு மிகக் குறைவு என்பதே எமது விடை. அதனைப் பின்னர் விளக்குவோம்.

முதலில் இடம் பற்றி ஒரு சொல். அம்பாறைக் கரையோரத்தில் ஆலையடிவேம்பும் அக்கரைப்பற்றும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. முன்னதில் தமிழரும் பின்னதில் முஸ்லிம்களும் பெரும்பான்மையினர். வயலும் கடைத்தெருவும் இரு சாராருக்கும் பொதுவானவை. இது ஸ்போர்ட்ஸ் கார்களின் நாடன்று. இங்கே எந்திர அறிவு வளர்ந்தது உழவு இயந்திரத்தின் மேல். மசி பெர்குசனின் மேலும், எந்நிறுவனத்தின் தயாரிப்பாயினும் மக்கள் வாயில் 'லான்ட்மாஸ்டர்' என்றே நிலைத்துவிட்ட இருசில்லு உழவு இயந்திரத்தின் மேலும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்துக்குப் பெரும் எந்திரங்களைக் கொண்டுவந்தது. விதைப்புக் காலத்தில் உழவு இயந்திரம் நின்றுபோனால் ஒரு போகமே கெடும். எனவே கழற்றிப் பார்த்துப் பூட்டத் தெரிந்த ஒரு தொழிலாளர் பிரிவு இங்கு உருவாயிற்று. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்லால் 'பாஸ்' என்று இன்றும் அழைக்கப்படும் அவர்களே நமது விடயத்தில் முக்கியமானவர்கள். ஸ்போர்ட்ஸ் கார் வந்திராத ஊரில் அதனை இனங்காணும் அறிவின் கூறுகள் எவ்வாறு இருந்தன என்பதைப் புரிந்துகொள்ள, சற்று நேரம் யப்பானுக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய யப்பானிய மோட்டார்த் தொழில் பிரித்தானிய, பிரெஞ்சு நுட்பத்தைக் கடன் வாங்கி எழுந்தது. 1952இல் நிசான் ஒஸ்ரின் நிறுவனத்தோடு ஒப்பந்தஞ் செய்தது. 1953இல் இசுசு ஹில்மன் மின்க்ஸ் காரையும் ஹினோ ரெனோல்ட் காரையும் பூட்டத் தொடங்கின. அதே ஆண்டில் நிசான் தொழிலாளரின் நீண்ட போராட்டம் கதவடைப்பினாலும், நிருவாகத்துக்கு இணக்கமான இரண்டாவது சங்கம் ஒன்றின் தோற்றத்தினாலும் முறியடிக்கப்பட்டது. கார்களைப் போற்றும் நூல்கள் ஒஸ்ரின் ஒப்பந்தத்தை மறவாமற் குறிப்பிடும். 1953இன் தோல்வியைப் பெரும்பாலும் குறிப்பிடா. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அத்தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த செம்மையான எந்திரங்களுக்கு அடித்தளமாயமைந்த உழைப்பு ஒழுங்கு அத்தோல்வியின் மேலேயே கட்டப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1963இல் சுசுக்கா ஓட்டத்திடலில் முதலாவது யப்பானிய கிராண்ட் பிறி நடைபெற்றது. மறுவருடம் பிரின்ஸ் நிறுவனத்தின் ஸ்கைலைன் ஜீ.ரீ. கார் ஒரு சுற்றுக்குப் போர்ஷே 904ஐ முந்திச் சென்றது. அந்த ஒரு சுற்றே தேசியப் பெருமிதமாயிற்று. பந்தயத்தில் ஓடும் உறுப்பு குறித்த தொகை கார்களில் விற்பனைக்கும் வர வேண்டும் என்ற விதி, நிறுவனங்களைச் சிறு தொகை உற்பத்திக்குத் தள்ளியது. 'அரிய கியர்ப்பெட்டி' என்று இன்று சேகரிப்போர் போற்றும் பொருளின் ஒரு பிறப்பிடம் இவ்விதியாகும். மற்றொன்று சந்தை. இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியம்.

சந்தையால் விளைந்த அருமைக்கு நிசான் பெயார்லேடி சீ கார் நல்ல உதாரணம். 1969இன் இறுதியில் யப்பானில் அறிமுகமான இது, அமெரிக்காவில் டட்சன் 240 சீ என்ற பெயரில் நான்கு நிலைக் கியர்ப்பெட்டியோடு விற்கப்பட்டது. யப்பானில் அதே காரின் உயர்தர வகைக்கு ஐந்து நிலைப் பெட்டி இருந்தது. எனவே யப்பானில் சாதாரணமாகக் கிடைத்த ஒரு பெட்டி அமெரிக்கச் சேகரிப்பாளனுக்கு அரும்பொருளாகிறது. இரும்பிலும் அலுமினியத்திலும் எந்த மாற்றமும் நிகழவில்லை; கப்பலேற்றும் தீர்மானம் ஒன்றே மாறியது. அருமை என்பது பொருளின் இயல்பன்று, பொருளுக்கும் சமூகத்துக்கும் இடையிலான ஓர் உறவே என்பதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை. மஸ்டா கொஸ்மோ ஸ்போர்ட் காரின் நிலை வேறு. 1967இல் வந்த முதல் தொடர் நான்கு நிலைப் பெட்டியோடு 343 கார்கள். 1968 முதல் வந்த இரண்டாம் தொடர் ஐந்து நிலைப் பெட்டியோடு 833 கார்கள். இங்கு தொகையே மிகச் சிறியது. 1973இன் ஸ்கைலைன் ஜீ.ரீ.ஆர். இருநூறைக்கூட எட்டவில்லை.

இனி இனங்காணும் முறைக்கு வருவோம். கட்டுரையின் கருப்பொருள் இதுவாதலால் சற்று விரித்தே கூறுகிறோம்.

நிசானின் பெட்டிகள் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டால் அழைக்கப்படுகின்றன: எவ்எஸ்5சி71ஏ, எவ்எஸ்5டபிள்யு71பி என்றவாறு. இதில் 5 என்பது நிலைகளின் தொகை. 71 என்பது பிரதான தண்டுக்கும் எதிர்த்தண்டுக்கும் இடைப்பட்ட தூரம், மில்லிமீற்றரில். இத்தூரம் கூடக்கூடப் பற்சில்லுகள் பெரிதாகும். தாங்கும் வலுவும் கூடும். சிறிய சன்னிக் கார்களின் பெட்டிகளில் இது 56 அல்லது 60. ஐந்து நிலை 71 வகையில் ஈற்றெழுத்து ஏ எனின் போர்ஷே முறைச் சிங்க்ரோ வளையமும், பி எனின் வார்னர் முறை வளையமும் உள்ளேயிருக்கும். திறந்து பார்ப்போர்க்கு வேறுபாடு வெளிப்படை: போர்ஷே வளையம் ஓரிடத்தில் பிளவுண்ட உருக்கு வளையம், வார்னர் வளையம் உட்புறம் கூம்பாகக் கடைந்த பித்தளை நிற வளையம்.

எனினும் குறியீட்டை மட்டும் நம்புவோன் ஏமாறுவான். ஐம்பது ஆண்டுகள் ஓடிய காரின் பெட்டி எத்தனையோ முறை கழற்றப்பட்டிருக்கும். ஒன்றின் ஓட்டுக்குள் மற்றொன்றின் பற்சில்லுகள் இருக்கலாம். பின்மூடி மூன்றாவது ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். கியர்க் கோலின் குமிழில் பொறித்த வரைபடமோ கடையில் வாங்கி மாட்டக்கூடியது. சுவடியியலிலும் இதுவே நிலை. ஏட்டின் ஈற்றில் எழுதுவோன் இட்ட குறிப்பு அந்த ஏட்டுக்குரியதே அன்றிப் பாடத்துக்குரியது என்று கொள்வதற்கில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது எதிர்கொண்ட இடர் இவ்வகையினதே. புறச்சான்றை அகச்சான்றினால் சோதித்தல் என்பது பதிப்பாசிரியனுக்கு உரிய விதி. பாஸுக்கும் அதுவே விதி.

அகச்சான்று எவ்வாறு கிடைக்கும்? பெட்டி காரிலிருந்து இறக்கப்பட்டிருப்பின், திறவாமலே அறிய ஒரு வழியுண்டு. உள்நுழையும் தண்டிலும் வெளிவரும் தண்டிலும் சுண்ணக்கட்டியால் அடையாளமிட்டு, ஒவ்வொரு நிலையாகப் பூட்டி, உள்தண்டைப் பத்து முறை சுற்றி வெளித்தண்டின் சுற்றுகளை எண்ண வேண்டும். 1977ஆம் ஆண்டின் 280 சீ காருக்குரிய ஐந்து நிலைப் பெட்டியில் முதல் நிலை விகிதம் 3.321, எனவே பத்துச் சுற்றுக்கு வெளித்தண்டு மூன்று முறை சுற்றும். ஐந்தாம் நிலை 0.864, வெளித்தண்டு பதினொன்றரைச் சுற்றைச் சற்றுத் தாண்டும். நான்காம் நிலையில் பத்துக்குப் பத்து. பந்தயத்துக்கென அமைந்த சில பெட்டிகளில் ஐந்தாம் நிலையே நேர்நிலையாக, பத்துக்குப் பத்தாக அமையும். அவற்றில் நான்காம் நிலை அதற்குக் கீழே நிற்கும். நெடுஞ்சாலையில் எரிபொருளை மிச்சம் பிடிக்கும் நோக்கமும், ஓட்டத்திடலில் விகிதங்களை நெருக்கமாக அடுக்கும் நோக்கமும் இந்த எண்ணிக்கையில் தெளிவாகப் பிரிந்துவிடுகின்றன. பந்தயப் பெட்டிகள் சிலவற்றில் முதல் நிலை இடப்பக்கம் பின்னோக்கி இருக்கும். வழக்கமாக முதல் நிலை இருக்கும் முன்னிடத்தில் பின்செலவுக் கியர் அமர்ந்திருக்கும். ஓட்டத்தில் அடிக்கடி மாற்றப்படும் இரண்டும் மூன்றும், நான்கும் ஐந்தும் அப்போது ஒரே நேர்கோட்டில் அமைகின்றன.

இனி இலங்கைக்குத் திரும்புவோம். இங்கு நம் கார்ச் சாலையின் இடப்பக்கமாகவே ஓடுகிறது, யப்பானிலும் அவ்வாறே. யப்பானில் ஓடி ஓய்ந்த கார் இங்கே மாற்றமின்றி ஓடக் கூடியதற்கு இது அடிப்படை. ஆனால் அதற்கு முன்னர் ஒரு பஞ்சகாலம் இருந்தது. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி, அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1975 வரை நிதியமைச்சராயிருந்தவர் சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா. அக்கட்டுப்பாட்டை இன்று கேலி செய்வது எளிது. அக்காலத்தின் துன்பத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும் உதிரிப்பாகம் கிடையாத அவ்வாண்டுகளே, பழைய ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் டட்சனையும் ஓடவைக்க வேண்டிய கட்டாயத்தினால், எது எதற்குப் பொருந்தும் என்னும் அறிவைக் கூர்மையாக்கின என்பதும் உண்மை. பல்லை எண்ணுவது, தண்டைச் சுற்றிப் பார்ப்பது, விரலால் வளையத்தைத் தடவித் தேய்மானம் அறிவது ஆகியவை அருமை தேடிச் செய்யப்பட்டவை அல்ல. வண்டி மறுநாட் காலை ஓட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டவை.

1977இன் திறந்த பொருளாதாரம் நிலைமையைத் தலைகீழாக்கியது. யப்பானிய 'றீக்கண்டிஷன்' கார்களும், பழைய எஞ்சின்களும் கியர்ப்பெட்டிகளும் வந்து குவிந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகத்துக்கு மறுபெயராயிற்று. இவ்வரவிலேயே நம் பிரதேசத்துக் கராஜ்களும் யப்பானின் அரிய பெட்டிகளைச் சந்திக்கும் வாய்ப்புத் தோன்றுகிறது. நடைமுறையில் எழக்கூடிய வினா ஒன்றை மட்டும் காண்போம்.

1970இல் வெளிவந்த டட்சன் சன்னி 1200 கார் வழக்கமாக நான்கு நிலைப் பெட்டி கொண்டது. அத்தகைய காரொன்றில் ஐந்து நிலைப் பெட்டி காணப்பட்டால் அது என்ன? பெரும்பாலும் அது 1970களின் பிற்பகுதிச் சன்னிக் கார்களிலிருந்து மாற்றிப் பூட்டிய 60 வகைப் பெட்டியாகவே இருக்கும். அதன் முதல் நிலை வழக்கமான முன்னிடத்தில். ஐந்தாம் நிலையில் பத்துச் சுற்றுக்கு வெளித்தண்டு பன்னிரண்டைச் சற்றுத் தாண்டும். ஆனால் 1972 ஆகஸ்டில் யப்பானில் மட்டும் விற்பனைக்கு வந்த சன்னி 1200 ஜீ.எக்ஸ்.5 காருக்கு 56 வகையில் ஐந்து நிலைப் பெட்டி இருந்தது. முதல் நிலை பின்னிடத்தில். ஐந்தாம் நிலை நேர்நிலை. 1973 மே மாதத்தில் அடுத்த தலைமுறைச் சன்னி அறிமுகமாகிவிட்டதால் அதன் ஆயுள் ஓராண்டை எட்டவில்லை. பெட்டி எதுவென்பதைக் கோலை அசைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் ஊகிக்கலாம். தண்டைச் சுற்றினால் உறுதிசெய்யலாம்.

இங்கேதான் முரண்பாடு தோன்றுகிறது. பயன்மதிப்பின் நோக்கில் ஆலையடிவேம்பில் ஓடும் காருக்கு 60 வகைப் பெட்டியே நல்லது. நெடுந்தூரப் பயணத்தில் எஞ்சின் ஆறுதலாக ஓடும், எரிபொருளும் மிஞ்சும். ஜீ.எக்ஸ்.5 பெட்டியைச் சீராக ஓடும் 60 வகைப் பெட்டிக்கு மாற்றிக்கொடுக்கும் பாஸ் தொழில்முறையிற் பிழை எதுவும் செய்யவில்லை. பரிவர்த்தனை மதிப்பின் நோக்கிலோ அவர் செல்வமொன்றைக் கைநழுவ விட்டவராகிறார். இனங்காணும் நுட்பம் இரண்டு இடத்திலும் ஒன்றே. அதற்கான கூலி மட்டும் ஒன்றல்ல. கராஜில் அது பழுது பார்க்கும் கூலிக்குள் அடங்கிவிடுகிறது. ஏல மண்டபத்தில் அதே நுட்பம் 'நிபுணத்துவம்' என்று பெயர் பெற்றுச் சான்றிதழாக விலைபோகிறது. பண்டத்தின் மாயத்தன்மை என்று மார்க்ஸ் விளக்கியதன் ஒரு புதிய வடிவமாக இதைக் கொள்ளலாம். இங்கு மறைக்கப்படுவது செய்தவனின் உழைப்பு மட்டுமன்று. அறிந்தவனின் உழைப்பும் மறைக்கப்படுகிறது.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே கதவு மீண்டும் திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியது. கைவிடப்பட்டுக் கிடந்தவையும் வீதிக்கு வந்தன. 1970களின் அறிவு மறுபடி தேவைப்பட்டது; ஆனால் அதனைக் கொண்டிருந்தோர் பலர் முதுமையெய்திவிட்டனர், இளையோரோ கணினியிற் பழுதறியும் தானியங்கிப் பெட்டிகளில் பழகியவர்கள். இவ்வறிவு எழுத்தில் இல்லை. எங்கள் தமிழ்ச் சங்கங்கள் நாட்டார் பாடல்களைப் பதிவு செய்யக் கிராமங்களுக்குச் சென்றது போல, ஒலிப்பதிவுக் கருவியோடு கராஜ்களுக்கும் செல்லலாம். கேட்டெழுத வேண்டிய முதல் வினா, எந்தப் பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்தது, எதற்கு மாற்றப்பட்டது என்பதாக இருக்கட்டும். பூட்டுவதற்கு வழியில்லாத பெட்டிகள் பழைய இரும்புக் கடைக்கே போகின்றன. அங்கே ஓடு உடைக்கப்பட்டு அலுமினியம் ஒரு புறமும் உருக்கு ஒரு புறமும் குவிக்கப்பட்டு, கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகின்றன.