நம்மைப் படித்தவர்களும் நாம் படிக்க வேண்டியவர்களும்

புதுவைக் கடற்கரைக்கு அருகே, புனித லூயி வீதியில், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. உப்புக்காற்று ஓயாது வீசும் அக்கட்டடத்தில் 8,000-க்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிக் கட்டுகள் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை சைவ ஆகமங்களையும் கோயில் வழிபாட்டையும் பற்றியவை. புதுவையின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அவ்வழியே பன்முறை நடந்திருக்கும் நம்மில் எத்தனைபேர் அந்த வாயிலுக்குள் நுழைந்திருக்கிறோம்?

1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுவையில் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே இந்நிறுவனம் பிறந்தது. ஆட்சி அகன்ற ஊரில் அறிவுத் தொடர்பு அறுந்துவிடலாகாது என்று இரு நாடுகளும் விரும்பியதன் கனி அது. அதை நிறுவிய ழான் ஃபிலியோசா, கண் மருத்துவராக இருந்து இந்தியவியல் அறிஞரானவர். நிறுவனத்தின் முதல் வெளியீடாக 1956-ல் வந்தது, காரைக்கால் அம்மையாரின் பாடல்களுக்கான பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. அதைச் செய்தவர் தமிழறிஞர் காரவேலன். முன்னுரை வழங்கியவர் ஃபிலியோசா. ஆகமங்களைத் திரட்டிப் பதிப்பிக்கும் பெரும்பணியைப் பண்டிதர் என். ஆர். பட் முன்னின்று நடத்தினார். தமிழரும் பிறரும் ஒரே மேசையில் அமர்ந்து, இருவர் பெயரும் ஏட்டில் நிற்கும்படி உழைத்த காலம் அது.

ஆனால் எக்காலமும் அப்படி இருந்ததா? வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்டுவோம்.

இயேசு சபைக் குருவான கஸ்தோன் கேர்தூ, பதினெட்டாம் நூற்றாண்டில் புதுவையில் வாழ்ந்து 1779-ல் இங்கேயே மறைந்தவர். சமஸ்கிருதத்துக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை விளக்கி, 1767-ல் அவர் பாரிசு அறிஞர் பார்த்தெலெமிக்கு எழுதினார். அம்மடல் 1808 வரை அச்சேறவில்லை. இடையே 1786-ல் அதே கருத்தைக் கல்கத்தாவில் உரைத்த வில்லியம் ஜோன்சுக்கே புகழ் சென்றது. இந்திய மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய அபே துபுவாவின் நூல் 1816-ல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. அதன் பெரும்பகுதிக்கு மூலம் கேர்தூவின் ஆய்வே என்பதைச் சில்வியா மூர் என்ற ஆய்வாளர் 1987-ல்தான் நிறுவினார். உழைத்தவர் பெயர் ஏறத்தாழ 170 ஆண்டுகள் மறைந்து கிடந்தது.

குருவானவருக்கே அந்நிலை என்றால், அவர்களுக்கு மொழியும் வழக்கமும் கற்றுத்தந்த தமிழர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? புதுவைக் கிறிஸ்தவரான மரிதாஸ் பிள்ளை, பிரெஞ்சு நிர்வாகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். தமிழில் வழங்கிய பாகவதத்தை 1769-ல் பிரெஞ்சில் ஆக்கி முடித்தார். அது 1788-ல் பாரிசில் நூலாயிற்று. ஐரோப்பியர் பலர் இந்தியச் சமய நூலொன்றைத் தம் மொழியில் காண வழிசெய்தவர், மாற்றுச் சமயத்தின் நூலை மதிப்போடு கையில் ஏந்திய ஒரு கிறிஸ்தவத் தமிழர். நம் ஊரிலேயே அவரை நினைப்பார் எத்தனைபேர்?

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? ஒரு நிலப்பகுதியின் பண்பாட்டையும் சமூகத்தையும் அரசியலையும் கற்பது நூலறிவோடு முடிவதில்லை. யாரைப் பற்றி எழுதுகிறோமோ, அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற உணர்வும் அதற்கு வேண்டும். அவ்வுணர்வு இல்லாத இடத்தில் அறிவே ஆட்சியின் கருவியாகிவிடுகிறது. துபுவாவின் கையெழுத்துப்படியை விலை கொடுத்து வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனி என்பதை மறக்க வேண்டாம்.

பிறர் நம்மைப் படித்த கதை இது. நாம் பிறரைப் படிக்கிறோமா என்பதே இன்றைய கேள்வி. புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ல் தோன்றியது. அதே ஆண்டு டிசம்பரில்தான் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கும் தோன்றியது. பின்னர் அப்பல்கலைக்கழகத்திலேயே தெற்காசிய ஆய்வுகளில் முதுகலைப் படிப்பு ஏற்பட்டது. அண்டை நாடுகளின் மாணவர்களும் உதவித்தொகை பெற்றுக் காலாப்பட்டுக்கு வந்து பயின்றனர். ஆனால் 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடைபெறவிருந்த சார்க் உச்சி மாநாடு நின்றுபோயிற்று. தலைவர்கள் கூடாத காலத்திலும் மாணவர்கள் ஒரே வகுப்பில் கூடினால், அது சிறிய காரியமா?

ஆயினும் நம் குடும்பங்களில் இத்தகைய படிப்புக்கு மதிப்பு மிகக் குறைவு. பிள்ளை வரலாறோ அரசியலோ படிக்க விரும்பினால், "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்கிறோம். அக்கேள்வியை இகழ்வதற்கில்லை, வறுமையைக் கண்ட தலைமுறையின் அச்சம் அதில் இருக்கிறது. ஆனால் காரைக்கால் மீனவர் இலங்கைக் கடலில் கைதாகும்போது, இருகரை மக்களின் வரலாற்றையும் சட்டத்தையும் மொழிகளையும் அறிந்தவர் நம்மிடையே வேண்டாவா? பிரெஞ்சு ஆட்சியில் வேலை தேடிச் சைகோனுக்குப் போன புதுவைக் குடும்பங்கள் பல. அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வியட்நாம் இன்று ஒரு பழைய புகைப்படம் மட்டுமே. அந்நாட்டின் மொழியைக் கற்று, நம்மவர் அங்கு வாழ்ந்த கதையையும், அந்நாட்டார் நம்மவரை எப்படிப் பார்த்தனர் என்பதையும் எழுத நம் பிள்ளைகளில் ஒருவரேனும் முன்வரவேண்டும்.

"எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்று நற்செய்தியில் ஒருவர் கேட்டார். அக்கேள்விக்குக் கிடைத்த விடை, தம் மக்கள் விலக்கி வைத்திருந்த சமாரியர் ஒருவரின் கதை. அடுத்திருப்பவரை அன்புசெய்ய நாம் கற்பிக்கப்பட்டிருக்கிறோம். அவருடைய மொழி என்ன, அவர் அஞ்சுவது எதை, அவர் நாட்டில் நடந்தது என்ன என்று அறியாமல் அந்த அன்பு எப்படி முழுமையாகும்? மரிதாஸ் பிள்ளை பிறந்த ஊரில் வாழும் நாம், அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.