கடலோர இறால் பண்ணைகளும் பெண்கள் கேட்ட நியாயமும்

பட்டு நெய்யும் ஊரில் இருந்துகொண்டு கடல் கதை எதுக்குன்னு கேட்பீங்க. 2019 வரைக்கும் கோவளம், மாமல்லபுரம் கடற்கரையும் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில்தானே இருந்தது.

1990-களில் நாகப்பட்டினம் பக்கம் நெல் வயல்களை வாங்கி இறால் பண்ணை போட்டார்கள். உப்புத் தண்ணி ஊறி பக்கத்து நிலமும் கிணறும் கெட்டுப்போச்சு. நடவுக்கும் அறுப்புக்கும் போன பெண்களுக்கு வேலை போச்சு. குடிதண்ணிக்குக் குடம் தூக்கி அலைந்ததும் அவர்கள்தான்.

கடலோரத்தில் 500 மீட்டருக்குக் கட்டுப்பாடு வைத்த விதி 1991-லேயே வந்தாச்சு. ஆனால் காகிதத்தில்தான் இருந்தது. கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவர் கணவர் ஜெகந்நாதன் ஐயாவும் அந்தப் பெண்களைத் திரட்டிப் போராடினார்கள். 1994-ல் ஐயா உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. பாரம்பரிய முறைப் பண்ணைகள் தவிர, அந்த எல்லைக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்றச் சொன்னது.

2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. புதுப் பண்ணைக்கு எல்லை 200 மீட்டராகக் குறைந்தது. ஆனால் ஆணையத்தில் பதிவு செய்யாமல் பண்ணை நடத்தக் கூடாது என்றும் ஆச்சு.

பாவு நூல் வாங்கும்போது எடை பார்க்காமல் வாங்குவோமா? அதுபோல எந்தத் தொழிலுக்குக் குழுக் கடன் எடுத்தாலும் முதலில் விதியைக் கேட்போம். கிராம சபையில் எழுந்து நின்று கேட்போம். கேட்க ஆள் இருந்தால்தான் விதிக்கு உயிர்.