பைனாகுலரும் பார்வையாளர் மேடையும்: மடங்கு எண்ணைத் தாண்டிய ஒரு வரலாறு

அரங்கத்துக்குப் போய் விளையாட்டுப் பார்க்க ஒரு பைனாகுலர் வாங்கலாம் என்று கடைக்குள் நுழைந்தால் நாம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்?" எட்டைவிடப் பத்து நல்லது, இருபது என்றால் இன்னும் நல்லது என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடும். ஆனால் இந்தக் கருவியின் வரலாற்றைப் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது. 1610-ஆம் ஆண்டிலேயே கலிலியோ கையில் இருபது மடங்கு பெரிதாக்கும் குழாய் இருந்தது. அதற்குப் பிறகு வந்த நானூறு ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி, அகலமாகக் காட்டுவது எப்படி, வெளிச்சமாகக் காட்டுவது எப்படி, ஆடாமல் காட்டுவது எப்படி என்பதற்கே செலவாகியிருக்கிறது. மேடையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வேண்டியதும் இந்த மூன்றுதான். மடங்கு எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர், தெரியாமலேயே பதினேழாம் நூற்றாண்டுக்குத் திரும்பிப் போகிறார்.

கண்டுபிடிப்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகும் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு, காரணமும் விளைவும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று காட்ட இது நல்ல எடுத்துக்காட்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

'கேக்கர்' வந்த வழி

1608 அக்டோபர் 2. நெதர்லாந்தின் மிடல்பர்க் நகரத்து மூக்குக்கண்ணாடித் தொழிலாளி ஹான்ஸ் லிப்பர்ஹே, தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டும் குழாய் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு டச்சு நாட்டு மன்றத்துக்கு விண்ணப்பித்திருந்தார். அந்த விண்ணப்பம் அன்று விவாதத்துக்கு வந்தது. மன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஒரு கண்ணால் பார்ப்பது சிரமம், இரண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி செய்து கொடு என்றது. லிப்பர்ஹே அந்த ஆண்டு முடிவதற்குள் செய்தும் கொடுத்தார். ஆக, தொலைநோக்கி பிறந்த ஆண்டிலேயே இருகண் நோக்கியும் பிறந்துவிட்டது. காப்புரிமை மட்டும் கிடைக்கவில்லை. இந்த வித்தை இன்னும் சிலருக்கும் தெரியும் என்று மன்றம் மறுத்துவிட்டது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் மலாய் பேசுகிறவர்கள் பைனாகுலரை 'கேக்கர்' என்பார்கள். அது 'பார்க்கும் கருவி' என்ற பொருளுடைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் தொலைநோக்கி, இருகண் நோக்கி, தொலைநோக்காடி என்று பல பெயர்கள் இருக்கின்றன. மாணவர்கள் தேர்வில் எதை எழுதினாலும் சரி, ஒரே கட்டுரையில் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும். நான் இங்கே எல்லாருக்கும் புரிகிற 'பைனாகுலர்' என்றே எழுதுகிறேன்.

அந்தக் காலத்துக் குழாயின் முன்பக்கத்தில் நடு தடித்த குவிவில்லை, கண்பக்கத்தில் நடு மெலிந்த குழிவில்லை. இதற்குக் கலிலிய முறை என்று பெயர். காட்சி நேராகத் தெரியும், அது பெரிய வசதி. ஆனால் பார்வை வட்டம் மிகக் குறுகல். இருபது மடங்கு குழாயில் கலிலியோவால் முழு நிலவைக்கூட ஒரே பார்வையில் பார்க்க முடியவில்லை. நிலவு பரவாயில்லை, நின்று நிதானமாக நகரும். ஓடுகிற குதிரையையும் பறக்கிற பந்தையும் இப்படிப் பார்க்க முடியுமா?

1611-இல் கெப்ளர் வேறு வழி சொன்னார். இரண்டு பக்கமும் குவிவில்லை வைத்தால் வட்டம் அகலமாகும் என்றார். ஆனால் காட்சி தலைகீழாகத் தெரியும். நட்சத்திரத்துக்குத் தலை எது, கால் எது? வானியலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மனிதர்களையும் விலங்குகளையும் பார்க்க நினைத்தவர்களுக்கு அது உதவவில்லை. கூடுதல் வில்லைகளை வைத்து நிமிர்த்தலாம், ஆனால் குழாய் நீண்டுகொண்டே போகும். குறுகலா தலைகீழா என்ற இந்தச் சிக்கல் தீர ரொம்பக் காலம் பிடித்தது.

நாடக மேடையிலிருந்து பந்தயத் திடலுக்கு

1823-இல் வியன்னாவில் ஃபொய்க்லெண்டர் நிறுவனம் இரண்டு சின்னக் கலிலியக் குழாய்களைப் பாலம் போட்டு இணைத்து, நாடகம் பார்ப்பவர்களுக்கு விற்றது. இரண்டு ஆண்டுகளில் பாரிஸில் லெமியேர் என்பவர், நடுவில் உள்ள திருகைச் சுழற்றினால் இரண்டு குழாயும் சேர்ந்து குவியும்படி செய்தார். இன்று நம் விரல் தேடுகிற அந்தச் சக்கரம் அப்போது வந்ததுதான். மூன்று மடங்குதான் பெரிதாகும். நாடகத்துக்கு அது தாராளம். இதையே கொஞ்சம் பெரிதாகச் செய்து படைவீரர்களும் குதிரைப்பந்தய ரசிகர்களும் தோளில் மாட்டிக்கொண்டார்கள். அதுவும் மூன்றிலிருந்து ஐந்து மடங்குக்குள்தான்.

நம் வட்டாரத்தில் குதிரைப்பந்தயம் அதே காலத்தில்தான் வேரூன்றியது. சிங்கப்பூரில் 1842-இல் ஐரோப்பிய வணிகர்கள் ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கி, 1843 பிப்ரவரியில் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். இடம், இன்றைய ஃபேரர் பார்க். வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பேர்போன ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயருக்குக் காரணம் இதுதான். சிராங்கூன் சாலைப் பக்கம் போகிறவர்கள் பலர் இதை யோசித்துப் பார்ப்பதில்லை. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கும், பிறகு கிராஞ்சிக்கும் மாறியது. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது.

பந்தய மேடையில் இருப்பவர் குதிரையின் மூக்கையா பார்க்கிறார்? ஓடுதளத்தின் மறுகோடியில் கூட்டமாக வரும் குதிரைகளில் எது யாருடையது என்று, ஓட்டுகிறவர் சட்டையின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நிறம் பிசகாமல் தெரிய வேண்டும், முன்னும் பின்னும் வரும் குதிரைகள் ஒரே வட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒரு யோசனை நாற்பது ஆண்டு காத்திருந்த கதை

குறுகலா தலைகீழா என்ற சிக்கலுக்கு விடை 1854-இல் கிடைத்தது. இத்தாலியரான இக்னாசியோ போரோ, கண்ணாடிப் பட்டகங்களைக் குழாய்க்குள் வைத்து ஒளியை மடக்கி மடக்கி அனுப்பினார். கெப்ளர் முறையின் தலைகீழ்க் காட்சி நிமிர்ந்துவிடும், நீளக் குழாயும் மடங்கிக் குட்டையாகிவிடும். பிரமாதமான யோசனை. ஆனால் சந்தையில் அது பெரிதாக எடுபடவில்லை.

காரணம் கண்ணாடி. பட்டகத்துக்குள் ஒளி பல சென்டிமீட்டர் பயணம் செய்ய வேண்டும். அன்றைய கண்ணாடியில் குமிழியும் கோடும் மங்கலும் இருந்தன. ஜெர்மனியின் ஜெனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபேயும் இதே யோசனையைத் தனியாக எட்டி, 1873-இலேயே ஒரு மாதிரியைக் காட்சிக்கு வைத்தார். அப்போதும் அது முன்னேறவில்லை. 1884-இல் ஓட்டோ ஷோட் அங்கே கண்ணாடி ஆலை தொடங்கி, புதிய வகைக் கண்ணாடிகளை உருக்க ஆரம்பித்த பிறகுதான் வழி திறந்தது. 1894-இல் கார்ல் சைஸ் நிறுவனம் பட்டகப் பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பட்டகத்தில் போரோ முந்திக்கொண்டதால், முன்வில்லைகள் இரண்டையும் கண்களைவிட அகலமாகத் தள்ளி வைத்து ஆழம் நன்றாகத் தெரியச் செய்ததற்குத்தான் ஆபேக்குக் காப்புரிமை கிடைத்தது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'போரோ கண்டுபிடித்தார், சைஸ் தயாரித்தது' என்று இரண்டு வரியில் எழுதிவிட்டால், நடுவில் இருக்கும் நாற்பது ஆண்டுகளுக்கு விளக்கமே இருக்காது. யோசனை ஒருவரிடமும் பொருள் இன்னொருவரிடமும் இருந்தது. இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்தபோதுதான் கருவி பிறந்தது.

ஒரே ஊரில் சேர்ந்ததற்கு வேறொரு விளைவும் உண்டு. 1914-இல் முதல் உலகப் போர் வெடித்தபோது நல்ல கண்ணாடி எதிரியிடம் இருந்தது. பிரிட்டனில் லார்ட் ராபர்ட்ஸ், வீட்டில் உள்ள பைனாகுலர்களைப் படைக்கு இரவல் தாருங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டார். பந்தயம் பார்க்க வாங்கியவையும் போர்முனைக்குப் போயின. போரில் இறங்கிய அமெரிக்காவும் அதையே செய்தது. அப்போது கடற்படைத் துணைச் செயலாளராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தலைமையில் மக்களிடம் பைனாகுலர் வாங்கி, வாடகையாக ஒரு டாலர் கொடுத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: குதிரை பார்க்க வாங்கியது எதிரியின் பீரங்கியைப் பார்க்கப் போனதென்றால், ஒரு கருவிக்கு இதுதான் வேலை என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது வெளிச்சம். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி திரும்பிப் போய்விடும். பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். 1935-இல் சைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வில்லைமேல் மிக மெல்லிய பூச்சு பூசி இதைத் தடுத்தார். இன்று வில்லையைச் சாய்த்துப் பார்த்தால் தெரியும் ஊதா, பச்சை மினுக்கம் அதுதான். இரவு ஆட்டம் பார்ப்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

கோலாலம்பூர், 1975 மார்ச் 15

இனி நம் ஊர். சுதந்திரப் பிரகடனத்துக்காக 1957-இல் கட்டிய மெர்டேக்கா அரங்கத்தில் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. ஆளுக்கு ஒரு கோல் என்ற நிலையில் இந்தியாவின் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தின் மூலையில் பட்டு வெளியே தெறித்தது. கோட்டைத் தாண்டியதா இல்லையா? பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மறுத்தார்கள். நம் நாட்டு நடுவர் ஜி. விஜயநாதன் கோல் என்றார். இந்தியா 2-1 என்று கிண்ணத்தை வென்றது. அந்த வாக்குவாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை.

மேடையில் இருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஹாக்கிப் பந்தின் விட்டம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். நூறு மீட்டர் தள்ளி இருந்தால் வெறும் புள்ளி. எட்டு மடங்கு பைனாகுலர் அதைப் பன்னிரண்டரை மீட்டருக்குக் கொண்டுவரும். ஆனால் அவர் வட்டம் பந்தடித்தவர் முகத்திலேயே நின்றிருந்தால் கம்பம் வட்டத்துக்கு வெளியே. பார்வையைக் கம்பத்துக்குத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இருபது மடங்கு வைத்திருந்தவருக்கு இன்னும் மோசம். அடித்தவரும் கம்பமும் ஒரே வட்டத்தில் தெரிந்தவருக்கு மட்டும்தான் அந்தக் கணம் கிடைத்திருக்கும். இன்று பெரிய திரையில் மறுபடி போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் பள்ளிகளுக்கிடையிலான போட்டியிலும் மாநிலப் போட்டியிலும் அப்படி ஒரு திரையை எங்கே தேடுவது?

வாங்கும்போது

பைனாகுலரில் 8×42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு, முன்வில்லை 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10×25 என்றால் 2.5 மட்டுமே. பகலில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மஃரிப் நேரம் தாண்டி விளக்குப் போட்டதும் தெரியும்.

மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே மடங்கு கூடும். கையில் பிடித்துப் பார்க்க எட்டு போதும், பத்து உச்சம். நடுக்கத்தைத் தானே சரிசெய்யும் பைனாகுலரை கேனன் 1995-இல் 12×36 அளவில் கொண்டுவந்தது. அருமையான பொருள்தான். ஆனால் அந்த வகைக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும், மின்கலமும் வேண்டும். மடங்கை மாற்றிக்கொள்ளும் ஜூம் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்த மடங்கில்கூட அதன் வட்டம் குறுகல்.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள், கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையில் 15 மில்லிமீட்டராவது விட்டு முழு வட்டத்தையும் காட்டுகிற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். நம் ஊர் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும், அதனால் நைட்ரஜன் அடைத்து மூடியது நல்லது. குறைந்த விலையில் தேடினால், நேர்க்குழாய் வகையைவிட போரோவின் பழைய 'தோள் அகன்ற' வடிவமே தெளிவாகக் காட்டும். மாலை ஆட்டத்தில் சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

கடைசியாக, பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் பார்வைக் கோணம். அந்தப் பாகையை 1.75-ஆல் பெருக்கினால், நூறு மீட்டர் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் தெரியும் என்று கிடைக்கும். இதைப் பள்ளித் திடலிலேயே மாணவர்களைக் கணக்குப் போட வைக்கலாம். ஓட்டத் தடம் ஒன்றின் அகலம் 1.22 மீட்டர், எட்டுத் தடமும் சேர்ந்தால் 9.76. முடிவுக் கோட்டுக்குப் பின்னால் நின்று நூறு மீட்டர் ஓட்டத்தின் தொடக்கத்தைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மடங்கு, 7.5 பாகை என்றால் 13 மீட்டர், எட்டுப் பேரும் வட்டத்துக்குள் இருப்பார்கள். பத்து மடங்கு, 5 பாகை என்றால் 8.75 மீட்டர், ஒரு பிள்ளை வெளியே. பன்னிரண்டு மடங்கு, 4.2 பாகை என்றால் 7.35 மீட்டர், ஆறு பிள்ளைகள்தான் தெரிவார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது, நீங்கள் பார்க்க வந்த பிள்ளை எட்டாவது தடத்தில் நிற்கலாம்.